கடல்வாசலில் சுங்கம்: டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்தியனும் அவர் குடும்பமும்

17-ஆம் நூற்றாண்டில் வட கடலிலிருந்து பால்டிக் கடலுக்குள் நுழையும் பெரிய கப்பல்களுக்கு வசதியான வழி ஒன்றுதான். டென்மார்க்கின் சேலண்ட் தீவுக்கும், இன்று தென் ஸ்வீடனாக உள்ள ஸ்கோனே நிலப்பகுதிக்கும் நடுவே உள்ள ஓரசுண்ட் நீரிணை அது. மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர். அன்று இரு கரைகளும் டென்மார்க்கின் கையில் இருந்தன. மேற்கே ஹெல்சிங்கோர் துறைமுகமும் குரோன்போர்க் கோட்டையும், எதிரே ஹெல்சிங்போர்க். போலந்தின் தானியம், ஸ்வீடனின் செம்பும் இரும்பும், கப்பல் கட்டத் தேவையான மரம், தார், சணல் என்று மேற்கு ஐரோப்பாவுக்கு வேண்டியதில் பெரும்பகுதி இந்த வாசல் வழியாகத்தான் வெளியே வந்தது. வருகிற கப்பல் ஹெல்சிங்கோரில் நின்று சுங்கம் கட்டிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். நிற்காமல் போனால் கோட்டையின் பீரங்கி பேசும்.

1420-களில் தொடங்கிய இந்த வசூலில் பிற்காலத்தில் ஒரு கெட்டிக்காரத்தனமும் சேர்ந்தது. சரக்கின் மதிப்பைக் கப்பல் தலைவனே சொல்லலாம். அதை வைத்துச் சுங்கம் போடுவார்கள். ஆனால் அவன் சொன்ன விலைக்கே அந்தச் சரக்கை அரசர் வாங்கிக்கொள்ளலாம் என்றும் விதி இருந்தது. குறைத்துச் சொன்னால் சரக்கே போய்விடும் என்பதால் பொய்க் கணக்கு தானாகவே குறைந்தது.

இதில் டென்மார்க்கின் வரலாற்றுக்கு முக்கியமானது, பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது. நாட்டில் வரி போட வேண்டுமானால் பிரபுக்கள் அடங்கிய அரசவையின் ஒப்புதல் வேண்டும். ஓரசுண்ட் சுங்கத்துக்கு அது வேண்டியதில்லை. அந்த வருமானம் நேராக அரசரின் சொந்தப் பெட்டிக்குப் போனது. 59 ஆண்டுகளுக்கும் மேலாக அரியணையில் இருந்த நான்காம் கிறிஸ்தியன் கட்டிய மாளிகைகள், நிறுவிய நகரங்கள், தொடுத்த போர்கள், கடைசியில் அவரை மூழ்கடித்த கடன் எல்லாவற்றுக்கும் வேர் இந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. கேட்டுச் செலவு செய்ய வேண்டிய பணத்துக்கும் கேட்காமல் செலவு செய்யக்கூடிய பணத்துக்கும் உள்ள வேறுபாடு ஓர் அரசரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இவர் வாழ்க்கையில் பார்க்கலாம்.

பத்து வயதுப் பையன்

கிறிஸ்தியன் பிறந்தது 1577 ஏப்ரல் 12, ஃபிரெடெரிக்ஸ்போர்க் மாளிகையில். தந்தை இரண்டாம் ஃபிரெடெரிக், தாய் மெக்லன்பர்க் இளவரசி சோஃபி. 1588 ஏப்ரலில் தந்தை இறந்தபோது பையனுக்குப் பதினொன்று நிறையச் சில நாட்கள் பாக்கி. டென்மார்க்கில் அரியணை சட்டப்படி பரம்பரைச் சொத்து கிடையாது. பிரபுக்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். வழக்கத்தில் அரசரின் மூத்த மகனைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், அதற்கு ஈடாக அவரிடம் நிபந்தனைப் பத்திரம் ஒன்றில் கையொப்பம் வாங்கிக்கொள்வார்கள். போர் தொடுப்பதா, புதிய வரி போடுவதா என்பதெல்லாம் அரசவையைக் கேட்டுத்தான்.

பையன் வளரும்வரை நால்வர் குழு ஒன்று ஆட்சியைப் பார்த்துக்கொண்டது. தலைமை அமைச்சர் நீல்ஸ் காஸ் அதற்குத் தலைவர். தாய் சோஃபி தனக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டார். கொடுக்கவில்லை. ஃபால்ஸ்டர் தீவிலுள்ள நைகோபிங் மாளிகைக்குப் போய்த் தமக்கு ஒதுக்கப்பட்ட நிலங்களைக் கவனிக்கத் தொடங்கினார். ஓரங்கட்டப்பட்ட அந்த விதவை நிலம், கால்நடை, வட்டி என்று பெருக்கி, 1631-இல் இறக்கும்போது ஐரோப்பாவின் பெரும் பணக்காரப் பெண்களில் ஒருவராக இருந்தார். மகனின் போர்களுக்கே தாய்தான் கடன் கொடுத்தார். குடும்பத்தில் பணத்தைப் பிடித்து வைக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று தோன்றுகிறது.

1596 ஆகஸ்டில் கோபன்ஹேகனில் முடிசூட்டு விழா. இதற்கென ஓடென்சே நகரத்துப் பொற்கொல்லர் டிரிக் ஃபீரிங் செய்த மகுடம் முத்தும் வைரமுமாக இன்றும் ரோசன்போர்க் மாளிகையில் இருக்கிறது. இந்த மகுடத்தின் கதை பின்னால் வரும்.

இளம் அரசர் சும்மா உட்காருகிற ஆள் இல்லை. 1599-இல், அன்று டென்மார்க் அரசரின் ஆட்சியில் இருந்த நார்வேயின் வட முனையைச் சுற்றி வார்டோவையும் தாண்டிக் கடற்படையோடு போய்வந்தார். அந்தக் கடல்கள் தன் ஆட்சிக்கு உட்பட்டவை என்று ரஷ்யாவுக்கும் ஸ்வீடனுக்கும் காட்டுவதுதான் நோக்கம். கப்பல் வரைபடம், பீரங்கி வார்ப்பு, கட்டடக் கணக்கு எல்லாவற்றிலும் தலையிடுவார். தம் கைப்பட அவர் எழுதிய கடிதங்கள் ஏறத்தாழ மூவாயிரம் கிடைத்திருக்கின்றன. போர்த் திட்டமும் இருக்கும், பிள்ளைகளின் உடை பற்றிய உத்தரவும் இருக்கும். ஒரு நாட்டை நடத்துகிற தொனியை விட, பெரிய பண்ணை வீட்டை நடத்துகிற குடும்பத் தலைவரின் தொனிதான் அவற்றில் கேட்கிறது.

குடியும் அதே அளவுக்கு. நாட்குறிப்பில் குடித்துத் தள்ளாடிய இரவுகளுக்குச் சிலுவைக்குறி போட்டு வைப்பார். அக்கா ஆன் ஸ்காட்லாந்து அரசர் ஆறாம் ஜேம்ஸை மணந்தவர். அதே ஜேம்ஸ் 1603-இல் இங்கிலாந்துக்கும் அரசரானார். 1606-இல் கிறிஸ்தியன் மைத்துனர் வீட்டுக்கு விருந்துக்குப் போனபோது தியோபால்ட்ஸ் மாளிகையில் நடந்த கூத்தை ஜான் ஹாரிங்டன் என்ற அரசவையாளர் கடிதத்தில் எழுதியிருக்கிறார். சாலமோன் அரசரும் சேபா அரசியும் வரும் நாடகம். சேபா அரசியாக வந்த பெண் தடுக்கி விழுந்து கையிலிருந்த பண்டங்களை டென்மார்க் அரசரின் மடியில் கொட்டினாள். அவர் எழுந்து அவளோடு ஆடப் போய்த் தாமும் விழுந்தார். தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். ஹாரிங்டன் கேலியாக எழுதக்கூடியவர் என்பதால் கொஞ்சம் கழித்துப் படிக்கலாம். முழுக்கப் பொய் என்று தள்ள முடியாது.

இசையிலும் அதே தாராளம். லூட் என்ற நரம்பிசைக் கருவி வாசித்த ஆங்கிலேயக் கலைஞர் ஜான் டௌலண்ட் 1598 முதல் 1606 வரை இவர் அவையில் உயர் அதிகாரிகளுக்கு நிகரான சம்பளம் வாங்கினார். ஆனால் அதே இளம் அரசரோடு ஒத்துப்போகாமல்தான் வானியலாளர் டைகோ பிராகி 1597-இல் நாட்டை விட்டே போனார். உலகத்திலேயே சிறந்த வான் ஆய்வுக்கூடம் அன்று டென்மார்க்கில் இருந்தது, அவர் போனதும் அது பாழானது. நாற்பது ஆண்டுகள் கழித்து, பிராகியின் மாணவர் லோங்கோமோன்டானுஸின் விருப்பத்துக்கு இசைந்து கோபன்ஹேகன் நடுவே வட்டக் கோபுரம் ஒன்றை வான் ஆய்வுக்காகக் கட்டித் தந்தவரும் இதே கிறிஸ்தியன்தான்.

வெற்றியின் விலை

1611-இல் ஸ்வீடனோடு போர். வடக்கே லாப்லாந்துக் கரையில் வரி வாங்கும் உரிமை யாருக்கு என்பதில் நெடுநாள் புகைச்சல் இருந்தது. அரசவைக்குப் போரில் விருப்பமில்லை. நீங்கள் சம்மதிக்காவிட்டால், டென்மார்க்குக்குத் தெற்கே உள்ள ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனின் கோமகன் என்ற முறையில் நானே போர் தொடுப்பேன் என்று கிறிஸ்தியன் மிரட்டினார். அவருக்கு அந்தப் பட்டமும் உண்டு, பெட்டியில் பணமும் உண்டு. அவை இறங்கி வந்தது.

போர் அவருக்குச் சாதகமாக முடிந்தது. கால்மார் கோட்டை விழுந்தது, மேற்குக் கரையில் ஸ்வீடனுக்கு இருந்த ஒரே கடல்வாயிலான எல்ஃப்ஸ்போர்க்கும் விழுந்தது. நடுவில் வேடிக்கையும் நடந்தது. அறுபதைக் கடந்து, வாத நோயில் பாதி முடங்கியிருந்த ஸ்வீடன் அரசர் ஒன்பதாம் கார்ல் வாள் சண்டைக்கு வா என்று கிறிஸ்தியனுக்குச் சவால் ஓலை அனுப்பினார். கிழவருக்குச் சண்டையை விடக் கணப்படுப்புப் பக்கம் உட்காருவது நல்லது, மூளையைச் சரிபார்க்க வைத்தியரும் வேண்டும் என்ற பொருளில் பதில் போனது. சில மாதங்களில் கார்ல் இறந்தார். அவர் இடத்துக்கு வந்த பதினாறு வயது மகன் பெயர் குஸ்தாவ் அடால்ஃப். ஐரோப்பாவின் மிகச் சிறந்த படைத்தலைவனாக அவன் வளரப் போகிறான் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

1613 ஜனவரியில் க்னேரெட் உடன்படிக்கை. எல்ஃப்ஸ்போர்க்கை மீட்க ஸ்வீடன் பத்து லட்சம் ரிக்ஸ்டாலர் வெள்ளி நாணயங்கள் தர வேண்டும் என்று முடிவானது. ஸ்வீடன் மக்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி 1619-க்குள் முழுவதையும் செலுத்தினார்கள். இதிலும் பெரும்பங்கு அரசரின் சொந்தப் பெட்டிக்கே போனது. சுங்கமும் மீட்புப் பணமும் சேர்ந்து அவர் ஐரோப்பாவின் பெரும் பணக்கார அரசர்களில் ஒருவராகிவிட்டார். மற்ற மன்னர்கள் கடன் கேட்டு நிற்க, இவர் கடன் கொடுக்கும் நிலையில் இருந்தார்.

பணம் செங்கல்லாக மாறியது. பிறந்த மாளிகையை இடித்து ஃபிரெடெரிக்ஸ்போர்க்கைப் புதிதாக எழுப்பினார். நகரின் ஓரத்தில் தோட்ட வீடாகத் தொடங்கிய ரோசன்போர்க் மாடி மேல் மாடியாக வளர்ந்தது. கோபன்ஹேகனுக்கு எதிரே கிறிஸ்தியன்ஸ்ஹாவன் என்ற நகர்ப்பகுதி, கடற்படையினருக்கு வரிசை வீடுகள், வணிகத்துக்கு ஒரு மாளிகை. அந்த வணிக மாளிகையின் உச்சியில் நான்கு டிராகன்கள் வாலைப் பின்னிக்கொண்டு நிற்கும் கூம்பு நகரின் அடையாளமாகவே இருந்தது. 2024 ஏப்ரல் 16 அன்று தீயில் அந்தக் கூம்பு சரிந்து விழுந்ததைத் தொலைக்காட்சியில் பலர் பார்த்திருப்பார்கள். நார்வேயில் 1624-இல் ஆஸ்லோ எரிந்தபோது, அதே இடத்தில் திரும்பக் கட்டக் கூடாது, ஆகெர்ஸ்ஹூஸ் கோட்டைக்குக் கீழே வா என்று நகரத்தையே நகர்த்தி கிறிஸ்தியானியா என்று பெயரிட்டார். முந்நூறு ஆண்டுகள் அந்தப் பெயர் நிலைத்தது. கிறிஸ்தியான்ஸ்டாட், கிறிஸ்தியான்சாண்ட் என்று அடுத்தடுத்த ஊர்களுக்கும் தம் பெயரையே வைத்தார். அடக்கம் அவருடைய குணங்களில் ஒன்றாக இருந்ததில்லை.

அதே ஆட்சியின் இன்னொரு முகம் இருண்டது. சூனியக்காரர்களைத் தேடித் தண்டிக்க 1617-இல் அவர் போட்ட ஆணைக்குப் பிறகு டென்மார்க்கில் வழக்குகள் பெருகின, பல பெண்கள் எரிக்கப்பட்டார்கள். நல்ல கட்டடக்காரர் என்று பாராட்டும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தரங்கம்பாடிக்கு வந்த கப்பல்

டச்சுக்காரர்கள் கிழக்கே கப்பல் விட்டுப் பணம் குவிப்பதைப் பார்த்து 1616-இல் டென்மார்க்கிலும் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கினார் கிறிஸ்தியன். மார்செலிஸ் டி போஷவர் என்ற டச்சுக்காரர் கண்டி அரசர் செனரத்தின் தூதர் என்று சொல்லிக்கொண்டு கோபன்ஹேகன் வந்தார். போர்த்துகீசியரை விரட்ட உதவினால் இலங்கையில் வணிக உரிமை கிடைக்கும் என்றார். இளைஞர் ஓவே கெட்டே தலைமையில் 1618 இறுதியில் கப்பல்கள் கிளம்பின. போஷவர் வழியிலேயே இறந்துபோனார். 1620-இல் இலங்கையை அடைந்தால், அப்படியொரு ஒப்பந்தத்துக்கு நான் கட்டுப்பட முடியாது என்று செனரத் கையை விரித்துவிட்டார்.

பயணத்தைக் காப்பாற்றியது ஒரு கப்பல் சேதம். முன்னதாக வந்த ரோலண்ட் கிராப்பின் கப்பலைச் சோழமண்டலக் கரையில் போர்த்துகீசியர் தாக்கி அழித்தார்கள். கரையேறிய கிராப் தஞ்சாவூர் அரசவையை அடைந்தார். போர்த்துகீசியரை மட்டும் நம்பியிருக்க விரும்பாத இரகுநாத நாயக்கருக்கு இன்னொரு ஐரோப்பிய வணிகர் கூட்டம் வருவதில் ஆட்சேபணை இல்லை. 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆனது. தரங்கம்பாடி ஆண்டுக் கப்பத்துக்கு டேனியருக்குக் கிடைத்தது, கடலோரத்தில் டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் எழுதியனுப்பிய ஓலை கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

இலாபம் மட்டும் வரவில்லை. கம்பெனியின் கப்பல்களும் மூலதனமும் போதவில்லை. அரசரே திரும்பத் திரும்பப் பணம் போட வேண்டியிருந்தது. பிறகு அவர் பெட்டியும் காலியானது. 1640-களுக்குப் பின் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு தரங்கம்பாடிக்கு டென்மார்க்கிலிருந்து கப்பலே வரவில்லை. ஊரில் எஞ்சிய சிலர்தான் கொடியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை அந்தக் கொடி இறங்கவில்லை என்பது வேறு கதை. சீனாவுக்கு வடமேற்கு வழியே கடல்பாதை தேட 1619-இல் யென்ஸ் முங்க் தலைமையில் அனுப்பிய இரண்டு கப்பல்களின் முடிவு இன்னும் மோசம். கனடாவின் ஹட்சன் விரிகுடாக் குளிரில் மாட்டிக்கொண்டார்கள். போனவர்கள் அறுபதுக்கும் மேல். உயிரோடு திரும்பியவர்கள் மூவர்.

இரண்டு குடும்பங்கள்

1597-இல் கிறிஸ்தியன் பிராண்டன்பர்க் இளவரசி ஆன் காதரினை மணந்தார். அவர் 1612-இல் இறந்தார். பிழைத்த பிள்ளைகளில் மூத்தவர் இன்னொரு கிறிஸ்தியன், அடுத்தவர் ஃபிரெடெரிக், கடைசி உல்ரிக். அரியணைக்கு உரியவர்கள் இவர்கள்தான்.

1615 கடைசி நாளில் மறுமணம். பெண் கிர்ஸ்டன் முங்க், வயது பதினேழு, அரசருக்கு முப்பத்தெட்டு. கிர்ஸ்டனின் தாய் எலன் மார்ஸ்வின் பெரும் நிலக்கிழார், கணக்கு தெரிந்தவர். மகளை வைப்பாகக் கொடுக்க மாட்டேன், மணந்துகொண்டால்தான் என்று உறுதியாக நின்றார். பிரபுக் குடும்பத்துப் பெண் அரசியாக முடியாது என்பதால் இடக்கை மணம் எனப்படும் முறையில் திருமணம் நடந்தது. மனைவி முறையான மனைவிதான், பிள்ளைகளுக்கும் மதிப்பு உண்டு, ஆனால் யாருக்கும் அரியணை உரிமை இல்லை. பன்னிரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். இந்தத் திருமணத்துக்கு முன்னும் பின்னும் வேறு பெண்களிடம் பிறந்தவர்களையும் சேர்த்தால் அரசரின் பிள்ளைகள் இருபதுக்கும் மேல். அப்படிப் பிறந்த ஆண் பிள்ளைகளுக்குக் கில்டன்லோவே, அதாவது பொற்சிங்கம் என்ற குடும்பப் பெயர் தந்தார்.

கிர்ஸ்டனின் பெண்களைத் தாய்நாட்டுப் பிரபுக்களுக்குக் கட்டிக்கொடுத்தால் தம்மோடு எப்போதும் முட்டுகிற அரசவையைக் கைக்குள் போட்டுக்கொள்ளலாம் என்று கிறிஸ்தியன் கணக்குப் போட்டார். லியோனோரா கிறிஸ்தினாவை 1636-இல் கோர்ஃபிட்ஸ் உல்ஃபெல்டுக்கும், கிறிஸ்தியானேயை 1642-இல் ஹானிபால் சேஹெஸ்டெட்டுக்கும் மணம் முடித்தார். மருமகன்களுக்கு நாட்டின் உயர் பதவிகள் வந்து சேர்ந்தன: சேஹெஸ்டெட் நார்வேயின் ஆளுநர், உல்ஃபெல்ட் முதலில் கோபன்ஹேகன் ஆளுநர், பிறகு அரசருக்கு அடுத்த நிலையிலிருந்த பெரும் அமைச்சர். அவையை அடக்க வீட்டுக்குள் கொண்டுவந்த ஆட்கள் அவைக்குப் போய் அவையின் ஆட்களாகவே மாறிவிட்டார்கள். மாமனாரின் அதிகாரம் குறைந்தால் தங்கள் அதிகாரம் கூடும் என்பது அவர்களுக்குப் புரிய அதிக நாள் ஆகவில்லை.

இரண்டு தோல்விகள்

கத்தோலிக்கப் பேரரசருக்கும் புராட்டஸ்டன்ட் மன்னர்களுக்கும் இடையே ஜெர்மனியில் முப்பதாண்டுப் போர் 1618-இல் தொடங்கிவிட்டது. பொஹீமியாவில் அரியணை ஏறி விரட்டப்பட்ட ஐந்தாம் ஃபிரெடெரிக்கின் மனைவி எலிசபெத் கிறிஸ்தியனின் அக்கா மகள். புராட்டஸ்டன்ட் மன்னர்கள் உதவி கேட்டார்கள். உறவும் மதமும் மட்டும் காரணமல்ல. வட ஜெர்மனியின் ஆயர் மாவட்டங்களை இளைய மகன்களுக்கு வாங்கித் தர வேண்டும் என்ற ஆசையும், ஸ்வீடனின் குஸ்தாவ் அடால்ஃப் தமக்கு முன்னால் போய்விடக் கூடாது என்ற பொறாமையும் இருந்தன. அரசவை மறுத்தது. 1625-இல் ஹோல்ஸ்டைன் கோமகனாக, கீழ் சாக்சனி வட்டத்தின் படைத் தலைவராக அவர் தனியாகவே போருக்குப் போனார். 1611-இல் மிரட்டலாகச் சொன்னதை இப்போது செய்தே காட்டினார்.

தொடக்கமே சரியில்லை. ஹாமல்ன் நகரில் கோட்டைச் சுவரைச் சுற்றிப் பார்க்கையில் குதிரையோடு கீழே விழுந்து நினைவிழந்தார். இங்கிலாந்தில் அக்கா மகன் முதலாம் சார்ல்ஸ் மாதாமாதம் அனுப்புவதாகச் சொன்ன பணத்தில் சொற்பமே வந்தது. 1626 ஆகஸ்ட் 27 அன்று லுட்டர் என்ற ஊரருகே கத்தோலிக்கத் தளபதி டில்லியின் படை அவரை நொறுக்கியது. பீரங்கிகள் அத்தனையும் போயின. அரசர் தப்பியதே அதிர்ஷ்டம். அடுத்த ஆண்டு பேரரசரின் தளபதி வாலன்ஸ்டைனின் படைகள் ஜட்லாந்து தீபகற்பம் முழுவதையும் பிடித்துச் சூறையாடின. தீவுகள் மட்டும் தப்பின, வாலன்ஸ்டைனிடம் கடற்படை இல்லை என்பதால். 1629-இல் லூபெக் உடன்படிக்கையில் நிலமெல்லாம் திரும்பக் கிடைத்தது. இனி ஜெர்மனி விவகாரத்தில் தலையிட மாட்டேன் என்று எழுதிக்கொடுத்தார். தோற்றவருக்கு இது மலிவான முடிவு. ஆனால் பெட்டி தீர்ந்துவிட்டது. இனி ஒவ்வொரு காசுக்கும் அவையிடம் போய் நிற்க வேண்டும்.

போரோடு குடும்பமும் சிதறியது. சால்ம் குடும்பத்து ஜெர்மன் பிரபு ஓட்டோ லுட்விக் டென்மார்க்கின் சேவைக்கு வந்திருந்தார். கிர்ஸ்டனுக்கும் அவருக்கும் தொடர்பு ஏற்பட்டது. 1629-இல் பிறந்த பெண் குழந்தையைத் தன் குழந்தை என்று ஏற்க மறுத்தார் அரசர். கடிதம் எழுதுவதில் சளைக்காதவர் அல்லவா, மனைவி மீது குற்றச்சாட்டுகளை வரிசை வரிசையாக எழுதித் தள்ளினார். 1630-இல் கிர்ஸ்டன் ஜட்லாந்துக்கு அனுப்பப்பட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் கிர்ஸ்டனிடம் வேலை செய்த பணிப்பெண் விபேக்கே குரூசே. அரசர் கண்ணை மூடும்வரை உடனிருந்து கவனித்துக்கொண்டது அவர்தான். ஆனால் அம்மாவின் இடத்தைப் பறித்தவள் என்று கிர்ஸ்டனின் பெண்களும் மருமகன்களும் விபேக்கேயை வெறுத்தார்கள். வயதான அரசர் இரு பக்கமும் இழுபட்டார்.

1634-இல் மூத்த மகனுக்குச் சாக்சனி இளவரசியை மணம் முடித்த விழாவில் கோபன்ஹேகன் நாட்கணக்கில் திணறியது. இசைக்கு ஜெர்மனியிலிருந்து இசையமைப்பாளர் ஹைன்ரிக் ஷூட்ஸ் வந்தார். கையில் காசில்லாத நேரத்தில் வீட்டுக் கல்யாணத்தை ஊர் மெச்ச நடத்தியாக வேண்டும் என்ற பிடிவாதம். செலவை ஈடுகட்டத் தெரிந்த வழி ஒன்றுதான், ஓரசுண்ட் சுங்கம். 1630-களின் பின்பகுதியில் வீதத்தை ஏற்றிக்கொண்டே போனார். அவ்வழியே மிக அதிகமாகப் போய்வந்தவர்கள் டச்சு வணிகர்கள். இதுவரை முணுமுணுத்துக் கட்டியவர்கள் இப்போது எதிரிகளானார்கள். என் பார்வையில் அவர் ஆட்சியின் மிகப் பெரிய பிழை லுட்டர் அல்ல, இதுதான். லுட்டரில் ஒரு படை போயிற்று. இங்கே படை நின்ற அடித்தளமே போயிற்று.

1643 டிசம்பரில் போர் அறிவிப்பே இல்லாமல் ஸ்வீடன் தளபதி டோர்ஸ்டென்சன் தெற்கிலிருந்து ஹோல்ஸ்டைனுக்குள் நுழைந்தார். டச்சு அரசு விலகி நிற்பதுபோல் நின்றது. டச்சுக்காரர்களுக்கு வேண்டிய லூயி டி கீர் என்ற வணிகர் வாடகைக்குக் கப்பல்கள் திரட்டி ஸ்வீடனுக்குத் தந்தார். 1644 ஜூலை 1 அன்று கோல்பெர்கர் ஹைடே கடற்போரில் 67 வயது கிறிஸ்தியன் கப்பல் தளத்தில் நின்று போரை நடத்தினார். குண்டுச் சிதறல் பட்டு ஒரு கண் போனது. விழுந்தவர் எழுந்து போரைத் தொடர்ந்தார். யாரும் தெளிவாக வெல்லாத சண்டை அது. ஆனால் டேனியர்களின் மனதில் கிறிஸ்தியன் என்றால் அந்த நாள்தான். அரச குடும்பத்துப் பண்ணாக இன்றும் பாடப்படுவது பாய்மரத்தருகே நின்ற அவரைப் பற்றிய பாட்டே. இரத்தக் கறை படிந்த அவருடைய உடையையும், கண்ணருகே எடுத்த சிதறல்களைப் பதித்துச் செய்த தோடுகளையும் ரோசன்போர்க்கில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

சில மாதங்களில் மீதிக் கடற்படை அழிந்தது. 1645-இல் பிரோம்செப்ரோ உடன்படிக்கை. யெம்ட்லண்ட், ஹெர்யேடாலன், கோட்லண்ட் தீவு, ஓசெல் தீவு ஆகியவை போயின. ஹாலண்ட் மாகாணம் முப்பது ஆண்டுகளுக்கு ஸ்வீடனிடம். ஸ்வீடன் கப்பல்களுக்கு ஓரசுண்டில் இனிச் சுங்கமே இல்லை. டச்சுக்காரர்களுக்கும் வீதத்தை வெட்ட வேண்டியதாயிற்று. பேச்சுவார்த்தைக்குப் போனவர் மருமகன் உல்ஃபெல்ட். அதிகமாக விட்டுக்கொடுத்தார் என்று மாமனாருக்குக் கோபம். தோற்ற நாட்டுக்கு வேறு என்ன கிடைக்கும் என்பது மருமகனின் நியாயம். இருவரும் பிறகு சமாதானமாகவே இல்லை.

1647-இல் மூத்த மகன் சாக்சனியில் இறந்தார். அடுத்த மகன் ஃபிரெடெரிக்கை அவை இன்னும் தேர்ந்தெடுக்காத நிலையில், 1648 பிப்ரவரி 28 அன்று ரோசன்போர்க்கில் கிறிஸ்தியன் கண்ணை மூடினார். அப்போது 1596-இன் மகுடம் ஹாம்பர்க்கில் அடகில் இருந்தது. மகன் முடிசூட அதை மீட்டுக்கொண்டுவர வேண்டியதாயிற்று. விபேக்கேயை மருமகன்கள் அரண்மனையிலிருந்து உடனே வெளியேற்றினார்கள். அதே ஆண்டு அவரும் இறந்தார். புதிய அரசரிடம் முன்னெப்போதும் இல்லாத கடுமையான நிபந்தனைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கிக்கொண்டு உல்ஃபெல்டும் கூட்டாளிகளும் தாங்கள்தான் இனி டென்மார்க் என்று நினைத்தார்கள்.

மூன்றாம் ஃபிரெடெரிக் அமைதியான மனிதர், பொறுமைசாலி. உல்ஃபெல்டின் கணக்குகளைத் தோண்ட உத்தரவிட்டார். 1651-இல் உல்ஃபெல்ட் மனைவியோடு நாட்டை விட்டு ஓடி ஸ்வீடனில் தஞ்சம் புகுந்தார். 1658-இல் உறைந்த கடல் மேல் படை நடத்திவந்த ஸ்வீடன் அரசர் டென்மார்க்கை மண்டியிட வைத்து ரோஸ்கில்டே உடன்படிக்கையில் ஸ்கோனேயைப் பறித்தபோது, மேசையின் ஸ்வீடன் பக்கத்தில் உட்கார்ந்து பேசியவர்களில் ஒருவர் உல்ஃபெல்ட். கிறிஸ்தியனின் பெட்டியை நிரப்பிய கடல்வாசலின் கிழக்குக் கரை அவர் மருமகன் கண்முன்னே கைமாறியது. அந்த அவமானத்துக்குப் பின் 1660-இல் பிரபுக்களின் செல்வாக்கு சரிந்தது. அரியணை பரம்பரை உரிமையானது, நிபந்தனைப் பத்திரம் செல்லாததானது. தந்தை வாழ்நாளெல்லாம் விரும்பி அடைய முடியாத முழு அதிகாரம், பெரும் தோல்வியின் வழியாக மகனுக்குக் கிடைத்தது.

தந்தைக்கு மிகப் பிரியமான மகள் லியோனோரா கிறிஸ்தினா 1663-இல் இங்கிலாந்துக்குப் போனார். நாடிழந்து திரிந்த காலத்தில் இரண்டாம் சார்ல்ஸுக்கு உல்ஃபெல்ட் கொடுத்திருந்த கடனைத் திரும்பக் கேட்கத்தான். உறவு முறையில் சார்ல்ஸ் அவருடைய அத்தை மகனின் மகன். கடன் வரவில்லை, டோவர் துறைமுகத்தில் பிடித்து டென்மார்க்கிடம் ஒப்படைத்தார்கள். கோபன்ஹேகன் மாளிகையின் நீலக் கோபுரத்தில் அடைத்தார்கள். கணவர் அடுத்த ஆண்டு ரைன் ஆற்றில் ஒரு படகில் இறந்தார். லியோனோராவின் மீது தீராப் பகை கொண்டிருந்த ஃபிரெடெரிக்கின் மனைவி சோஃபி அமாலி உயிரோடு இருந்தவரை விடுதலைக்கு வழியில்லை. அரசி இறந்த பிறகு, 1685-இல், ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துக் கதவு திறந்தபோது லியோனோராவுக்கு வயது 63. சிறையில் எழுதத் தொடங்கிய நினைவுக் குறிப்புகளை மாரிபோவில் வாழ்ந்த மீதி நாட்களில் முடித்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி 19-ஆம் நூற்றாண்டில்தான் அச்சேறியது. டேனிய உரைநடையின் சிறந்த நூல்களில் ஒன்றாக இன்று அங்கே பள்ளிகளில் படிக்கிறார்கள்.